பெட்டிக்கடை வரைக்கும் வரும் சட்டம்

(சங்கரன்கோவிலில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)



மின்சிகரெட் தடையும் சிறு வணிகரும் என்ற தலைப்பை அழைப்பிதழில் பார்த்த சிலர், அதற்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார்கள். விசைத்தறியும் பூச்சந்தையும் ஆடித் தபசுத் திருவிழாவும் உள்ள ஊர் இது. மின்சிகரெட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே சிலர்தான் இருப்பீர்கள். ஆனால் பீடிக் கட்டையும் சில்லறை சிகரெட்டையும் விற்காத பெட்டிக்கடை நம் தெருக்களில் அரிது. அந்தக் கடையிலிருந்து பார்த்தால்தான் இந்தத் தடை எப்படி இயங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

நான் நிறுவ விரும்புவது ஒன்றே ஒன்று. ஒரு பொருளைத் தடைசெய்யும் சட்டத்தை அதன் நல்ல நோக்கத்தை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. அந்தப் பொருள் ஆலையிலிருந்து கிளம்பி மனிதரின் வாய்க்கு வந்து சேரும் வழியில், சட்டம் யாருடைய கையைப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் நாட்டின் புகையிலைச் சட்டங்களும் நிகோட்டின் சட்டங்களும் பெரும்பாலும் பிடிப்பது கடைசிக் கையை, அதாவது பெட்டிக்கடைக்காரரின் கையை. அவரைப் பிடித்த பிறகும் வாங்குபவரின் பழக்கம் அப்படியே நிற்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையிலையால் இந்தியாவில் ஆண்டுதோறும் 13 லட்சம் பேருக்கு மேல் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பதினாறு வயதுப் பிள்ளையின் மூளைக்கு நிகோட்டினைப் பழக்கும் எந்தக் கருவியும் இங்கே விற்கப்படக் கூடாது என்று நினைப்பவன் நான். தடை வேண்டும் என்பதற்காகத்தான் அது சரியான இடத்தில் இறங்க வேண்டும் என்று வாதாடுகிறேன்.

1. மின்சிகரெட் சட்டம் யாரைத் தொட்டது?

2019 செப்டம்பர் 18 அன்று, மின்சிகரெட்டைத் தடைசெய்யும் மத்திய அமைச்சரவையின் முடிவை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அவசரச் சட்டமாக வந்தது அந்த டிசம்பரிலேயே நாடாளுமன்றச் சட்டமானது. தமிழ்நாடு ஓராண்டு முந்திக்கொண்டு 2018இலேயே தடை விதித்திருந்தது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சரக்கைச் சேமித்து வைத்தாலே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கையிருப்பு வைத்திருந்தவர்கள் தாங்களாகவே பட்டியலிட்டு அருகிலுள்ள அதிகாரம் பெற்ற அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. பயன்படுத்துபவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. அது சரியான முடிவு என்பது என் கருத்து.

அன்று நிதியமைச்சர் ஒரு தகவலைச் சொன்னார். சந்தையில் 400க்கும் மேற்பட்ட பிராண்டுகள், 150க்கும் மேற்பட்ட சுவைகள். அவற்றில் ஒன்றுகூட இந்தியாவில் தயாராவதில்லை. இந்தக் கடைசிப் பகுதியை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே இதற்கு ஆலை இல்லை, தொழிலாளி இல்லை, தொழிற்சங்கம் இல்லை. முழுத் தடை சாத்தியமானதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பீடியை நினைத்துப் பாருங்கள். ஆலங்குளம், பாவூர்சத்திரம், முக்கூடல், கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து இலை நறுக்கிப் பீடி சுற்றும் பெண்களின் வருமானத்தில்தான் எத்தனையோ பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பீடி மீதான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகவும், பீடி இலை மீதான வரியை 18இலிருந்து 5 ஆகவும் குறைக்க முடிவெடுத்தது. சுற்றும் கைகளுக்காக ஒரு சட்டம் இளகுகிறது. விற்கும் கைகளுக்காக இளகிய சட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

தடை வந்தபோது மின்சிகரெட் எங்கே இருந்தது? 2016-17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் மின்சிகரெட் என்ற ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டவர்களே 3 விழுக்காடுதான். பெருநகரத் தனிக் கடைகளிலும் இணையத்திலும் விற்ற பொருள் அது. நம் பெட்டிக்கடைக்காரருக்கு அது வரவே இல்லை. எனவே தடையால் அவருக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. தடைக்குப் பிறகு அந்த வணிகம் கைப்பேசிக்குள் போயிற்று. 2023 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் தடையை நினைவூட்டிப் பொது அறிவிப்பு வெளியிட்டதும், ஜூலையில் 15 இணையதளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும் அதற்குச் சான்று. பெருநகரங்களில் சில பான் கடைகளிலும் மறைத்து விற்பதாகச் செய்திகள் வருகின்றன. அவர்கள் விற்பது தவறுதான். ஆனால் துறைமுகத்தையும் கூரியர் கிடங்கையும் தாண்டி வந்த பொருள், இந்த வழியின் கடைசி முனையில் பிடிபடுகிறது.

வாங்குபவருக்கு நேர்ந்தது இன்னும் மோசம். மறைவில் விற்கும் கைக்கு வயது கேட்கும் கடமை இல்லை. உள்ளே இருக்கும் திரவம் என்ன என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே 2018 முதல் மின்சிகரெட் வைத்திருப்பதும் புகைப்பதும்கூடக் குற்றம். அப்படியிருந்தும் மயக்க மருந்தான எட்டோமிடேட் கலந்த குப்பிகள் இளைஞர்களிடையே பரவின. 2025 செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துத் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். திரும்பத் திரும்பப் பிடிபடும் வெளிநாட்டவரின் வேலை அனுமதி ரத்தாகி அவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படலாம். இந்தப் பகுதியிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

2. குட்கா காட்டிய பாடம்

மின்சிகரெட் தடை நாளை எப்படி நடக்கும் என்று அறிய நாம் ஊகிக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு குட்காவிலும் பான்மசாலாவிலும் பத்தாண்டுக்கு மேலாக அதைச் செய்துகொண்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2013 மே மாதம் தடை வந்தது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்து நீட்டித்தார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நடுவில் இருந்த மூன்று மாதத்தில் எது குற்றம், எது குற்றமில்லை என்று வழக்கறிஞர்களே விவாதித்துக்கொண்டிருந்தபோது, தராசுக்குப் பின்னால் நின்றவருக்கு யார் போய் விளக்கினார்கள்?

தண்டனையைக் கவனியுங்கள். முதல் முறை பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதம், 15 நாள் கடைக்கு சீல். இரண்டாம் முறை 50,000 ரூபாய், 30 நாள். மூன்றாம் முறை ஒரு லட்சம், 90 நாள். அன்றன்றைய வசூலில் அடுத்த நாள் சரக்கு எடுக்கும் கடைக்கு, அபராதத்தைவிடக் கொடியது அந்தப் பூட்டு. பதினைந்து நாள் பூட்டிய கடையின் வாடிக்கை பதினாறாம் நாள் திரும்பி வராது. பால் பாக்கெட்டுக்கு அடுத்த கடைக்குப் போகப் பழகியவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

அதே பொருளை மேலிருந்து கொண்டுவந்தவர்களின் கதை வேறு. சென்னையில் ஒரு குட்கா உற்பத்தியாளரிடம் 2016இல் வருமான வரித் துறை நடத்திய சோதனையில், யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற குறிப்புகள் சிக்கின. அதை சிபிஐ விசாரிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட 2018 ஏப்ரல் வரை ஆயிற்று. தடை 2013இல் வந்தது என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளில் எத்தனை பெட்டிக்கடைகளில் சோதனை நடந்திருக்கும்!

பழக்கம் குறைந்ததா? முன் சொன்ன கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் புகையிலையை ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்தும் வயதுவந்தோர் 2009-10இல் 16.2 விழுக்காடு; 2016-17இல் 20 விழுக்காடு. தேசிய அளவில் விகிதம் இறங்கிய அதே காலத்தில் நம் மாநிலத்தில் ஏறியிருக்கிறது. குட்காத் தடையால்தான் ஏறியது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல இந்த எண்கள் போதா. கடையைப் பூட்டுவதால் பழக்கம் பூட்டப்படவில்லை என்று சொல்ல இவை போதும். பிறகு உதட்டுக்குள் வைக்கும் சிறு பொட்டலமாகக் ‘கூல் லிப்’ வந்தது. பள்ளி மாணவர்களிடம் அது பரவுவதைக் கண்டு, இதை நாடு முழுவதும் ஏன் தடைசெய்யக் கூடாது என்று 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. பக்கத்து மாநிலத்தில் கடையில் தொங்கும் பொருளை இங்கே மட்டும் எப்படி நிறுத்துவது என்பதுதான் அந்தக் கேள்வியின் சாரம்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது பழகிய கதை. 2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியைத் தடைசெய்தது. குடும்பங்களைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பேருந்து நிலையத்தில் சீட்டு விற்றுப் பிழைத்தவர்களில் உடல் ஊனமுற்றோர் பலர் இருந்தார்கள். ஒரே நாளில் அவர்கள் கை வெறுமையாயிற்று. வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? வசதியுள்ளவர் புளியரை தாண்டி ஆரியங்காவுக்குப் போய்க் கேரளச் சீட்டு வாங்கினார். வசதியில்லாதவர் மூன்று நம்பர் லாட்டரியில் விழுந்தார்; அங்கே அரசு முத்திரையும் இல்லை, பரிசு வரும் என்ற உறுதியும் இல்லை. பூட்டானும் 2004இல் புகையிலை விற்பனையை அறவே தடைசெய்த நாடு. மெல்லும் புகையிலை வைத்திருந்த ஓர் இளம் துறவிக்கு 2011இல் மூன்றாண்டுச் சிறை கிடைத்தது. சரக்கு எல்லை தாண்டி வந்துகொண்டுதான் இருந்தது. கடைசியில் 2020இல், கடத்தல் வழியாகக் கொரோனாவும் நுழையும் என்று அஞ்சி, அரசே விற்பனைக்கு வழிவிட்டது.

3. பெட்டிக்கடையின் கணக்கு

‘கெட்ட பொருள் என்று தெரிந்தும் ஏன் விற்கிறார்கள்?’ என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். இந்த ஊர்க் கடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். “ஸார், சிகரெட்டுல எனக்கு நிக்கிறது ரொம்பக் கொஞ்சம். ஆனா சிகரெட்டுக்கு வாறவன்தான் கடலை மிட்டாயும் எடுக்கான், சோடாவும் குடிக்கான், பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்டும் வாங்கிட்டுப் போறான். அது இல்லன்னா அவன் இந்தப் பக்கமே வர மாட்டான். நான் என்ன செய்யணும்னு சொல்லுதிய?”

இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. புகையிலையின் லாபம் சிறியது. அது இழுத்துவரும் ஆட்கள்தான் அவருக்கு லாபம். இந்தக் கணக்கை வைத்து 2017 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையைப் பாருங்கள். புகையிலை விற்கும் கடைக்கு உள்ளாட்சி உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற கடையில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம் விற்கக் கூடாது. குழந்தை மிட்டாய்க்கு வரும் கடையில் சிகரெட் தொங்கக் கூடாது என்ற எண்ணம் மிகச் சரி. ஆனால் பெட்டிக்கடைக்காரர் இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால், அவர் எதை விடுவார்? கூட்டத்தை இழுப்பதை விட மாட்டார். மிட்டாயை விட்டுப் புகையிலையை வைத்துக்கொள்வார். அவரை மறுபக்கம் சாய்ப்பதற்கான எந்த ஏற்பாடும் அந்த அறிவுரையோடு வரவில்லை.

இருக்கும் சட்டங்களும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவருக்கு விற்றாலும், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்றாலும் அபராதம் 200 ரூபாய் வரை. பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தால், 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும். செயல் ஒன்று; ஒரு சட்டத்தில் 200 ரூபாய், இன்னொன்றில் ஏழாண்டு. இரண்டில் எதைப் போடுவது என்பது சோதனைக்கு வருபவரின் கையில் இருக்கும்போது, கடைக்காரர் அஞ்சுவது சட்டத்துக்கா, வருபவருக்கா? இப்படிப்பட்ட இடைவெளியில்தான் மாமூல் பிறக்கிறது. சந்துக்குச் சந்து பள்ளி இருக்கும் பழைய ஊரில் 100 கஜம் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டியவர்களும் இல்லை.

2020 கடைசியில் வந்த திருத்த வரைவு, சில்லறை சிகரெட்டைத் தடுக்கவும் வாங்கும் வயதை 21 ஆக்கவும் தண்டனையை உயர்த்தவும் முனைந்தது. சில்லறை வணிகர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, வரைவு சட்டமாகவில்லை. ஒற்றைச் சிகரெட் விற்பனை நிற்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மாணவன் முதலில் வாங்குவது ஒற்றைச் சிகரெட்தான். பாக்கெட்டின் மேல் 85 விழுக்காடு இடத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படமும் அவன் கண்ணில் படுவதில்லை. ஆனால் சட்டத்தை எழுதும் மேசையில் அதை நடைமுறைப்படுத்த வேண்டியவருக்கு நாற்காலி இல்லையென்றால், அவருடைய பெயரில் பெரிய கம்பெனிகள் பேசும். பேசுகின்றன.

4. வாங்குபவருக்கு யார் இருக்கிறார்கள்?

இரவு ஷிப்டில் தறி ஓட்டுபவர் தூக்கத்தை விரட்டப் பீடி பற்றவைக்கிறார். கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத் தம்பி பசியை மறக்க வாயில் எதையோ அடக்கிக்கொள்கிறார். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் நண்பன் நீட்டிய மின்சிகரெட்டை இழுக்கிறான். மூவரையும் பிடித்திருப்பது நிகோட்டின் ஒன்றே. மூவரில் யாரையும் சட்டம் சிறைக்கு அனுப்பவில்லை என்பது நிம்மதி. மூவரில் யாருக்கும் சட்டம் உதவவில்லை என்பதுதான் என் மனக்குறை.

உதவி இல்லாமல் இல்லை. புகையிலையை விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசிய எண் 2016 முதல் இயங்குகிறது. அழைத்தால் ஆலோசகர் பேசுவார், நாள் குறித்து விடவைப்பார், பிறகும் அழைத்து விசாரிப்பார். இரண்டு மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். புகையிலைப் பொட்டலங்களில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் கட்டுப் பிரித்து ஒற்றையாக வாங்குபவர் பொட்டலத்தைப் பார்ப்பதே இல்லை. அவர் தினமும் பார்க்கும் ஒரே முகம் கடைக்காரருடையது. ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டுக் கடன் சொல்லி வாங்கும் உறவு அது. வாங்குபவர் இருமத் தொடங்கியதை மருத்துவருக்கு முன்னால் கவனிப்பவர் அவர்தான். புகையிலைத் தடுப்புத் திட்டங்கள் எல்லாம் அவரைக் குற்றவாளியாக மட்டும் பார்த்ததால், நோயாளிக்கு மிக அருகில் நிற்கும் அந்த மனிதரை நாம் இழந்திருக்கிறோம்.

5. இந்த ஊரில் என்ன செய்யலாம்

மேலிருந்து வர வேண்டியவை சில. சரக்கு நுழையும் துறைமுகத்திலும் கூரியர் கிடங்கிலும் மொத்த வணிகரிடத்திலும் சோதனை குவிய வேண்டும். கடையில் பிடிபட்ட ஒவ்வொரு வழக்கிலும், சரக்கு வந்த வழியை ஒரு படி மேலேயாவது தேடிப் போகாமல் வழக்கை முடிக்கக் கூடாது. முதல் முறை சிக்கிய சிறு கடைக்குப் பூட்டுக்குப் பதில் எழுத்து எச்சரிக்கையும் கால அவகாசமும் வேண்டும். பிள்ளைக்கு விற்றவருக்கு மட்டும் அந்தச் சலுகை கூடாது. அதில் நான் துளியும் இளக மாட்டேன்.

நம் கையில் இருப்பவையும் உண்டு. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. அதில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பினர்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகளாக இருக்க வேண்டும். புகையிலை உரிமம் பற்றியும், பள்ளிகளைச் சுற்றிய 100 கஜ எல்லையை அளந்து தரையில் கோடு போடுவது பற்றியும் பேச அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. எல்லைக்குள் சிக்கும் கடைகளுக்கு நகராட்சி வேறு இடம் ஒதுக்கலாம். புகையிலையை விட்டுவிடும் கடைக்கு உரிமக் கட்டணத்தைச் சில ஆண்டு தள்ளுபடி செய்யலாம். கடைக்காரரின் கணக்கை மறுபக்கம் சாய்க்க அது ஒரு தொடக்கம். கட்டணமில்லா எண்ணைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்து, கடை முகப்பில் கம்பெனி விளம்பரம் இருந்த இடத்தில் ஒட்டச் சொல்லலாம். தறிக்கூடச் சுவரிலும் ஒட்டலாம்.

ஆடித் தபசு நாள்களில் இந்த ஊருக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். ரத வீதிகளில் தற்காலிகக் கடைகள் வரிசையாக முளைக்கின்றன. அந்தக் கடைகளுக்கு அனுமதி தரும்போதே, புகையிலையும் மின்சிகரெட்டும் கூடாது என்ற நிபந்தனையை எழுத்தில் வைத்து, அதற்கு ஈடாகத் தரை வாடகையைக் குறைக்கச் சொல்லி நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். விற்பனைக் குழுவைக் கூட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் அதில் இருக்கிறது. வணிக நண்பர்கள் படித்துப் பார்த்துத் திருத்தங்கள் சொல்ல வேண்டும். உங்கள் கையெழுத்து முதலில் வர வேண்டும் என்பதற்காக மேல் பாதியை வெற்றாக விட்டிருக்கிறேன்.